கடவுச்சொல் கேட்பதை நிறுத்த 'டிரஸ்ட்' வழியல்ல

தொலைவிலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஸ்கிரிப்ட் வழியே அணுகும்போது பி.எஸ்.க்யூ.எல். (psql, அதனுடன் இணைய உதவும் கட்டளைவரி நிரல்) ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால், யார், எங்கிருந்து இணையலாம் எனச் சொல்லும் சர்வரின் அணுகல் கோப்பில் (pg_hba.conf) 'டிரஸ்ட்' (trust) என மாற்றினால் போதும் என்று சிலர் கூறுவது தவறான வழிகாட்டுதல். அவ்வாறு மாற்றினால், அந்த விதிக்குள் வரும் முகவரியிலிருந்து எவரும் அதில் அனுமதிக்கப்பட்ட எந்தப் பயனர் பெயரிலும், முழு அதிகாரமுள்ள சூப்பர்யூசர் உட்பட, கடவுச்சொல்லே இல்லாமல் நுழைந்துவிடலாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

மாற்றம் தேவைப்படுவது சர்வரில் அல்ல, ஸ்கிரிப்ட் இயங்கும் கணினியில்தான். அந்தப் பயனரின் ஹோம் கோப்புறையில் 'டாட் பிஜிபாஸ்' (.pgpass) கோப்பை உருவாக்கி, ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளம், பயனர், கடவுச்சொல் ஆகிய ஐந்தையும் முக்காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் எழுத வேண்டும். லினக்ஸில் அதன் அனுமதி 0600 ஆக (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்படி) இருப்பது அவசியம்; குழுவுக்கோ பிறருக்கோ படிக்கும் உரிமை இருந்தால் அந்தக் கோப்பு புறக்கணிக்கப்பட்டு, பழையபடி கடவுச்சொல் கேட்கும். பலர் தடுமாறும் இன்னொரு இடம் ஹோஸ்ட் பெயர்: கோப்பில் டொமைன் பெயரை எழுதிவிட்டு ஐ.பி. முகவரியால் இணைந்தால் அந்த வரி பொருந்தாது. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக இயக்கும் கிரான் வேலை வேறு பயனரின் பெயரில் இயங்கினால், கோப்பும் அவருடைய ஹோம் கோப்புறையில்தான் இருக்க வேண்டும்.