மாப்பிள்ளைக்கு எங்கட சனத்துக்கு வெளியில ஆரைத் தெரியும்?

வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டால் நாங்கள் கேக்கிற கேள்வியள் எல்லாருக்கும் பாடம். சாதகம் பொருந்துதோ, பி.ஆர். இருக்கோ, வீடு சொந்தமோ, மோட்கேஜ் எவ்வளவு மிச்சம். பொம்பிளை அங்க போய் என்ன வேலை செய்வா எண்டால் மட்டும், "எங்கட ஆக்கள் இருக்கினம்தானே, எடுத்துக் குடுப்பினம்" எண்டு கதை முடிஞ்சிடும்.

எடுத்துக் குடுப்பினம்தான். 83க்குப் பிறகு போன பெடியள் பாரிசிலயும் சூரிச்சிலயும் குசினிக்குள்ள போனது பேப்பரில விளம்பரம் பாத்தோ? ஊர்க்காரன் ஒருத்தன் முதலாளியிட்டச் சொல்லுவான், அடுத்த கிழமை மச்சானும் பக்கத்தில நிண்டு கோப்பை கழுவுவான். பாஷையும் இல்லை, வதிவிட அனுமதிக் காட்டும் இல்லை எண்டால் வேற என்ன வழி? சுவீடன் 1985இல இருந்து அகதியளை நாடு முழுக்கப் பிரிச்சு இருத்தினது. அதை வைச்சு 2003இல வந்த ஆய்வு ஒண்டும், படிப்புக் குறைஞ்ச ஆக்களுக்குத் தங்கட சனத்தோட இருந்தது உழைப்புக்கு உதவினது எண்டுதான் சொல்லுது.

இண்டைக்குப் போறது ஆர்? கம்பஸ் முடிச்சு, வங்கியில வேலை செய்யிற பிள்ளை. அவவுக்கும் மாமியின்ர சிநேகிதி சொல்லித் தமிழ்க் கடையில கவுண்டர் வேலைதான். விடிஞ்சாப் பொழுதுபட்டாத் தமிழ். அந்த நாட்டுப் பாஷை எப்பிடி வரும்?

மார்க் கிரனோவெட்டர் எண்ட சமூகவியலாளர் 1973இலேயே எழுதினவர்: வேலைத் தகவல் நெருங்கின ஆக்களிட்ட இருந்து வந்ததைவிட, எப்பவாவது காணுற ஆக்களிட்ட இருந்து வந்ததுதான் கூட. சரிதானே, சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஆக்களை எங்களுக்கும் தெரியும், அவரிட்ட இருந்து புதுத் தகவல் எங்க வரும்? அவுஸ்திரேலியாவில 2005இல வந்த ஆய்வில, வேற சமூகத்தில கட்டின குடியேறிகளுக்கு வருமானம் கூட. உடன வெள்ளைக்காரனைக் கட்டச் சொல்லுறன் எண்டு கொமெண்டில சண்டைக்கு வராதேங்கோ. வீட்டில அந்த நாட்டுப் பாஷை, மனுசன்ர பக்கத்தால வாற அறிமுகம், இது ரண்டும்தான் விசயம் எண்டு நான் நினைக்கிறன். எங்கட பெடியனும் மனம் வைச்சால் செய்யலாம். வேலைத்தல ஆக்களின்ர விருந்துக்குத் தான் மட்டும் போகாமல் மனுசியையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன குறைஞ்சு போகும்?

ஜேர்மனிக்குப் போற பொம்பிளையள் ஏ-1 எண்ட ஆரம்ப ஜேர்மன் பாஷைச் சோதினைக்குக் கொழும்புக்கு ஓடுப்படுகினம். விசா வந்த உடன புத்தகம் மூடுப்பட்டிடும். ஏ-1 கடையில பாண் வாங்கக் காணும், இன்ரவியூவுக்குக் காணாது. மண்டபத்துக்கும் ட்ரோன் வீடியோவுக்கும் லட்சக்கணக்கில எறியிற வீட்டுக்காரர், அதுக்கு மேல இருக்கிற பி-1 பாஷை வகுப்புக்குக் காசு கட்டுறது ஆர் எண்டு கலியாணப் பேச்சில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன். தரகர் முழிப்பார்.