பறக்கும் கோட்டை கே-7: படம் பொய், விமானம் நிஜம்

"1930களில் சோவியத் பறக்கவிட்ட கோட்டை" என்று, போர்க்கப்பல் பீரங்கிகளும் வரிசை வரிசையாக எஞ்சின்களும் கொண்ட ராட்சத விமானப் படம் ஒன்று சுற்றுகிறது. அது கணினியில் உருவாக்கியது. கறுப்பு வெள்ளையில் இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள்.

ஆனால் கலினின் கே-7 என்ற சோவியத் விமானம் நிஜமாகவே இருந்தது. பழைய விமானங்களை அடையாளம் காண முதலில் எஞ்சின்களை எண்ணுங்கள். நிஜ கே-7இல் ஏழே ஏழு: இறக்கையின் முன்விளிம்பில் ஆறு, பின்னால் ஒன்று. இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரில் கட்டிய அது 1933 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. நவம்பரிலேயே விழுந்து நொறுங்கி 15 உயிர்களைப் பறித்தது. பறந்தது அந்த ஒன்றுதான்.

சரி, பீரங்கி இல்லாவிட்டால் என்ன? 53 மீட்டர் அகல இறக்கை, உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கும் தடிமன். பயணிகளை அதற்குள்ளேயே உட்காரவைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பகிர்வதானால் இதைப் பகிருங்கள்.