கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலி

கிருபையைப் பற்றிய பிரசங்கம் யாருக்கும் கசப்பதில்லை. "நீ எப்படி இருந்தாலும் தேவன் உன்னை நேசிக்கிறார்" என்று போதகர் சொன்னால் நமக்குக் கண் கலங்கிவிடும். அதே போதகர் அடுத்த வாரம், "உன் பின்வரிசையில் இருக்கிறவரையும் அவர் அதே அளவுக்குத்தான் நேசிக்கிறார்" என்று ஆளைக் காட்டாத குறையாகச் சொல்லிப் பார்க்கட்டும். ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். "அதெல்லாம் சரிதான் பாஸ்டர், ஆனா அவரு..."

அந்த 'ஆனா'வைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவகிருபையை நான் நம்புகிறேனா என்பதை நான் சொல்லும் சாட்சியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலை கிடைத்தால் கிருபை, வீடு கட்டினால் கிருபை, பரீட்சையில் பாஸானால் கிருபை என்று எல்லாரும்தான் சொல்கிறோம். இவனுக்கெல்லாம் எந்தத் தகுதியும் இல்லை என்று நான் உள்ளுக்குள் முடிவுகட்டி வைத்திருக்கும் ஆளுக்கு அதே கிருபை கிடைக்கும்போது என் முகம் போகும் போக்கைப் பாருங்கள். உண்மை அங்கேதான் வெளியே வரும்.

இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதை (மத்தேயு 20) முழுக்க இதைப் பற்றியதுதான். எஜமான் அதிகாலையில் போய் வேலைக்கு ஆள் சேர்க்கிறார். நாளுக்கு ஒரு பணம் என்று பேச்சு. அப்புறம் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று திரும்பத் திரும்பப் போகிறார். கடைசியாகப் பதினோராம் மணி வேளையிலும் போகிறார். நம் கணக்கில் அது சாயங்காலம் ஐந்து மணி. இன்னும் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அப்போதும் சிலர் சும்மா நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். நாள் முழுக்க நின்றும் யார் கண்ணிலும் படாதவர்கள்.

கூலி கொடுக்கும் நேரம் வருகிறது. பிந்தி வந்தவர்கள் தொடங்கி முந்தி வந்தவர்கள் வரைக்கும் கொடு என்று எஜமான் சொல்கிறார். நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடும் வரி இது. முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் பேசின பணத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீடு போயிருப்பார்கள். கதையில் சண்டையே வந்திருக்காது. எஜமான் வேண்டுமென்றேதான் அவர்களை நிற்க வைத்துப் பார்க்க வைக்கிறார். அப்போது அவர்கள் வாயிலிருந்து வரும் முறையீட்டைக் கவனியுங்கள்: "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே." கூலி குறைந்துவிட்டது என்று அவர்கள் அழவில்லை. பேசின பணம் கையில் இருக்கிறது. அவனும் நானும் ஒன்று என்று ஆகிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எஜமான் திருப்பிக் கேட்கிறார்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?"

முப்பது நாற்பது வருஷமாகச் சபையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி குத்தும். குத்த வேண்டும்.

அடுத்து அந்தியோகியா. மனுஷன் கிரியைகளினாலே அல்ல, விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்ற உபதேசம் 16-ஆம் நூற்றாண்டில் மேற்கத்திய திருச்சபையையே பிளந்தது. லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்தப் பொருளில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய உபதேசத்தைப் பவுல் கலாத்தியர் நிருபத்தில் எந்த இடத்தில் எடுத்து வைக்கிறார் தெரியுமா? ஒரு சாப்பாட்டுப் பிரச்சினையில்.

பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர்கள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாவும் கூட. பேதுரு தன் உபதேசத்தை மாற்றவில்லை, யாரையும் திட்டவில்லை, ஆலோசனைக் கூட்டம் போட்டுத் தீர்மானமும் நிறைவேற்றவில்லை. சாப்பிடும் இடத்தை மட்டும் மாற்றினார். அதற்கே பவுல் அவரை முகமுகமாய் எதிர்க்கிறார். சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி நீங்கள் நடக்கவில்லை என்கிறார். நாசூக்குத் தெரியவில்லை, மரியாதைக் குறைவு என்ற அளவில் அவர் நிறுத்தவில்லை, சுவிசேஷத்தையே இழுத்துவிட்டார். யாரோடு உட்கார மாட்டேன் என்று நான் முடிவு செய்கிறேனோ, அங்கே நான் கிருபையை மறுதலித்துவிட்டேன் என்று பவுல் நினைத்திருக்கிறார். நம்மில் பலர் அப்படி நினைப்பதில்லை. கிருபை எனக்கும் தேவனுக்கும் இடையில் உள்ள சொந்தக் கணக்கு, பக்கத்தில் யார் உட்காருவது என்பது வேறு கணக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

அப்படிப் பிரித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜான் நியூட்டனை விடப் பெரிய சாட்சி இல்லை. கிருபையைப் பற்றி அவர் எழுதிய 'அமேசிங் கிரேஸ்' (Amazing Grace) பாடலைப் பாடாத சபை குறைவு. 1748-இல் கடலில் வந்த புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டவர் அவர். அதற்குப் பிறகுதான் அடிமை வியாபாரக் கப்பல்களுக்குத் தலைவனாகப் போனார். 1754 வரை போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனையும் நடத்தினார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் சங்கிலி. அந்த வேலையை அவர் நிறுத்தியதற்கு உடனடிக் காரணம் உடல்நலக் குறைவு. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தன் பங்கையும் அறிக்கையிட்டு அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல். அவரைக் கல்லெறிவதற்காக இதைச் சொல்லவில்லை. மனம் உண்மையாகவே உடைந்து, பாடல் எழுதும் அளவுக்குக் கிருபையை ருசித்த ஒருவருக்கும், அது தன் கப்பலின் கீழ்த்தளம் வரை இறங்க வேண்டும் என்று தெரிய அத்தனை காலம் ஆனது. நமக்கெல்லாம் எந்தத் தளம் இன்னும் கண்ணில் படவில்லையோ.

இனி வீட்டுக்குள்ளே வருவோம். ஒரு சபையின் உதவிக் குழுவில் சில காலம் இருந்தேன். கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களின் பெயர்கள் ஒரு நோட்டில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, என்ன தேவை என்ற கட்டத்துக்கும் முன்னால் ஒரு கட்டம்: 'ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவரா?' ஒருநாள் ஒரு பெயர் வாசிக்கப்பட்டது. கணவர் குடிப்பவர், மனைவி எப்போதாவது வருவார், பிள்ளைகள் இரண்டு. அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. "நாம கொடுத்தா அவரு அதையும் குடிச்சுத் தீர்த்துருவாரு" என்றார் ஒரு மூத்தவர். நியாயமான கவலைதான். பணமாகக் கொடுக்காமல் பள்ளிக் கட்டணமாக நேரே கட்டலாம் என்று ஒரு அக்கா சொன்னார். அதற்கு வந்த பதில்: "கட்டலாம்மா. முதல்ல அவங்க ஒழுங்கா சபைக்கு வரட்டும்."

குடியைப் பற்றிய கவலை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. பள்ளிக்கு நேரே கட்டினால் அவர் எப்படிக் குடிக்க முடியும்? மிச்சமிருந்தது நிபந்தனை மட்டும். தேவன் எங்களை நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொண்டார் என்று பாடிவிட்டு, நிபந்தனைக்கு ஒரு தனிக் கட்டம் போட்டு வைத்திருந்தோம்.

உதவி செய்வதில் விவேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது விவேகம். ஆள் எந்தப் பக்கம் என்று பார்ப்பது வேறு. நான்காம் நூற்றாண்டில் பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவர முயன்ற ரோமப் பேரரசர் யூலியான் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவர்களை அவருக்குப் பிடிக்காது, 'கலிலேயர்' என்று இளக்காரமாகத்தான் எழுதுவார். அவரே அதில் வெட்கப்பட்டுச் சொல்கிறார்: இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம்முடைய ஏழைகளையும் பராமரிக்கிறார்கள், நாம் நம் ஆட்களைக் கைவிட்டிருக்கிறோம். அந்தக் கிறிஸ்தவர்கள் நோட்டில் நம்முடைய கட்டம் இருந்திருந்தால் பேரரசருக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது.

"அப்போ எவன் என்ன வேணும்னாலும் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்பார். எப்போதும் கேட்பார்கள். பவுலிடமே கேட்டிருக்கிறார்கள், ரோமர் 6-இல் பதில் இருக்கிறது. எனக்கு அதைவிட, ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், சகேயுவின் கதை (லூக்கா 19) போதும். மரத்தின் மேல் இருந்தவனைப் பார்த்து, முதலில் வாங்கினதைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். கூட்டம் முறுமுறுத்தது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான் வருகிறது, அதுவும் சகேயுவின் வாயிலிருந்தே. ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பி வர அன்றைக்கு வழி பிறந்தது. கிருபை நியாயத்தை ஒன்றும் முழுங்கிவிடவில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சபைகளில் கிருபை என்ற பெயரில் நடக்கும் இன்னொரு அக்கிரமம் எனக்குச் சகிக்கவில்லை. அடிபட்டவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "தேவன் உன்னை மன்னிச்சார் இல்ல, நீயும் மன்னிச்சுடும்மா" என்பார்கள். அடித்தவர் அப்போது பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருப்பார். அதற்கு மத்தேயு 18 வசனமாக வரும். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்த கதை.

அந்தக் கதையின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி, எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடையாது. இரண்டாவது கடன் 100 நாள் கூலி. கூலிக்காரனுக்கு அது சில்லறையா? மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். இயேசு ஒரு செம்புக் காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மற்றவன் நமக்குச் செய்த தீங்கு நிஜமான தீங்கு, வலிக்கும் தீங்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இதெல்லாம் ஒண்ணுமில்ல, விட்டுடு" என்று சொல்கிறவர் இந்த உவமையைச் சரியாக வாசிக்கவில்லை. அதோடு, கதையில் கழுத்தை நெரிக்கிறவன் கடன் கொடுத்தவன், கீழே விழுந்து கெஞ்சுகிறவன் கடன்பட்டவன். அடித்தவர் காபி குடிக்க, அடிபட்டவரை மன்னிக்கச் சொல்லி நெருக்கும் காட்சிக்கு இந்த வசனம் எப்படிப் பொருந்தும்?

மன்னிப்பு தேவையில்லை என்கிறேனா? இல்லவே இல்லை. மன்னிப்புக்கு ஒரு செலவு இருக்கிறது, அதை யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்கிறேன். அடுத்தவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிருபை என்று பெயர் வைக்கக் கூடாது.

பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். 25 வசனம்தான், இரண்டு நிமிஷம். ஒநேசிமு என்ற அடிமையை எஜமானிடம் திருப்பி அனுப்புகிறார், இனி அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்று. ஆனால் நஷ்டத்தை மறந்துவிடு என்று பிலேமோனிடம் சொல்லவில்லை. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் சொந்தக் கையாலே எழுதுகிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. சமாதானம் பேசி வைக்கப் போகிற ஊழியர்கள், போகிற வழியில் இந்த ஒரு வரியை வாசித்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். உங்கள் கணக்கில் எவ்வளவு எழுதச் சம்மதிக்கிறீர்கள்?

முடிக்கும்போது இன்னொன்றும் எழுதுகிறார் பவுல். நான் வந்து தங்குவதற்கு ஓர் இடம் தயார் பண்ணி வை என்கிறார். பிலேமோனுக்கு அர்த்தம் புரிந்திருக்கும். பந்தியில் ஒநேசிமு எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்க ஆள் நேரிலேயே வருகிறார்.