ஒரு பிடி கேழ்வரகு

புற்றுநோயிலிருந்து மீண்ட கிராமத்துப் பெண்கள் பலர் முன்பைவிடத் தெளிவாக வாழ்கிறார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் அந்தத் தெளிவு உடனே வந்துவிடுவதில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் என் அத்தை, மார்பகத்தை எடுத்த பிறகு ஒன்றரை வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தனி டம்ளர் எடுத்து வைத்த சொந்தக்காரர்களும் உண்டு. அப்புறம் ஒருநாள் ரவிக்கைக்குள் வைக்க அவரே ஒரு சின்னப் பை தைத்தார். வெறும் பஞ்சு மேலே ஏறிவிடுகிறது என்று ஒரு பிடி கேழ்வரகையும் சேர்த்துக் கட்டினார்; கனம் சரியாக நின்றதாம். இதுவரை நாலு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறார். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், மார்பில் கட்டி மாதிரி தட்டுப்பட்டால் பெண்கள் முதலில் தேடி வருவதும் அவரைத்தான்.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கி, பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பது) தடவிக் கருப்பை வாயில் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று சோதித்தார்கள். கோளாறு இருந்தால் அந்த இடம் வெளுக்கும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. இதை அந்தக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

நோயாளியிடம் போய் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அத்தையிடம் ஒருவர் சொல்லிப் பார்த்தார். "அப்படின்னா நீயே வாங்கிக்கோ" என்றுவிட்டார்.