ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடுமா?

"பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்கும் முன் ஒருமுறை ஃபார்மேட் செய்தால் போதும், உள்ளே இருந்தது யாருக்கும் கிடைக்காது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பியவர்களின் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் முன்பின் தெரியாதவர் கையில் சிக்கலாம்.

வழக்கமாக நாம் செய்வது விரைவு ஃபார்மேட். அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறதே, அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் முழுவதிலும் எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தச் சில நொடிகளில் நடப்பது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை புதிதாக எழுதப்படுவது மட்டும்தான். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரி. பக்கங்கள் அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருளுக்கு அந்த அட்டவணையே தேவையில்லை. ஜேபெக் படம் என்றால் அதன் தொடக்கத்தில் வரும் அடையாள பைட்டுகளைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து படத்தை எடுத்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதையும் ஒருமுறை சுழியங்களால் நிரப்புங்கள். விண்டோஸ் விஸ்டா முதல், 'விரைவு' என்ற தேர்வை நீக்கிவிட்டு ஃபார்மேட் செய்தாலே இது நடக்கும்.

சுழலும் தட்டுகளுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் (SSD) இது போதாது. தரவைத் தாங்கும் நுண்ணிய செல்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டுச் சில்லு புதிய தரவை வேறு செல்களில் எழுதும். பழையது எங்காவது ஒதுங்கிக் கிடக்கலாம். அதற்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். முதல் நாளிலிருந்தே முழு வட்டையும் மறையாக்கம் செய்து, அதாவது சாவி எனும் ரகசியக் குறியீடு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, வைத்திருந்தால் இன்னும் எளிது: சாவியை அழித்துவிட்டால், மிச்சம் இருப்பதை யாராலும் படிக்க முடியாது.