"சும்மா இருக்கிறாள்" என்று எழுதியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாகப் பொறுத்திருந்தேன். காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பியிருக்கிறார்கள், பாதிக்கு மேல் சிரிப்புப் பொம்மையோடு. நம் வட்டாரத்தில் எடுத்த ஒரு கள ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பாதிப்பவர்கள் ஆண்கள்தான், பெண்கள் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். எழுந்து கேள்வி கேட்ட மாணவியிடம், "முதல்ல வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடும்மா, அப்புறம் பெண்ணியம் பேசலாம்" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் கையிலிருந்த மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

நான் சமூகவியல் நடத்துகிறவள். அந்த ஆய்வின் வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். குடும்பத் தலைவரின் தொழிலை எழுத ஒரு முழு வரி இருக்கிறது. மனைவிக்கு இரண்டே கட்டங்கள்: வேலைக்குச் செல்கிறார், இல்லத்தரசி. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண் எங்கும் "செல்வதில்லை". ஆகவே அவள் இல்லத்தரசியாகிவிட்டாள். தப்பாகக் கேட்டுவிட்டு, வந்த பதிலை உண்மை என்று மேடையில் வாசிக்கிறார்கள். வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளரே என்று பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே சொல்லிவிட்டது. நம் ஆய்வுத் தாளுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஆந்திரத்து நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-இல் எழுதினார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்கைச் செய்த அந்தப் பெண்களை, ஓய்வு நேரத்தில் பின்னுகிற இல்லத்தரசிகள் என்றே ஊர் சொன்னது. விற்று வாங்கிய ஆண்கள் வியாபாரிகள் எனப்பட்டார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், குடும்ப நிலத்திலோ தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலையும் வேலைதான் என்பதைக் கேள்வியிலேயே எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்க்காவிட்டால் பதில் சொல்பவர் "இல்லை" என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் நடந்தது.

என் அம்மா முப்பது வருடம் பீடி சுற்றினார். இரவே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். காலையில் எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவார். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் நூற்கண்டு. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்குக் கணக்கு. சரியில்லை என்று கழித்துவிட்டதற்குக் காசு கிடையாது. ஒரு நாள் கணக்கெடுக்க வந்தவர் அப்பாவிடம், "வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "சும்மாதான் இருக்கா" என்றார் அப்பா. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. சுற்றிய பீடியின் வாயை நகத்தால் மடக்கிவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

ஆண்கள் கஷ்டப்படவில்லையா என்று கேட்பீர்கள். பட்டார்கள். என் அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று வெந்துபோன காலோடு வீட்டுக்கு வந்தவர். அவரை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் "தோல் தொழிலாளி" என்று அவர் பாடு தாளில் ஏறியது. அம்மாவின் பாடு ஏறவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான். பெண்ணியம் மேற்கத்திய இறக்குமதி என்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கமாட்டேன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் தீர்மானம் போட்டது நம் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை இயக்க மாநாடு.

"ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவு கோபமா?" என்று என் நெருங்கிய தோழியே கேட்டாள். அதுதான் அதிகம் வலித்தது. அந்தக் காபி வசனத்தை நடுவர் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. கேள்வி கேட்கிற பெண்ணைத் திமிர் பிடித்தவளாக்கி, கடைசியில் கதாநாயகன் அவளை அடக்குவதற்குக் கைதட்டக் கற்றுக்கொடுத்த படங்களிலிருந்து வந்தது அது. அதே படங்களில் தையல் மிஷினை மிதித்து மகனைப் படிக்கவைக்கும் அம்மாவும் வருவாள். அவளுக்காக ஒரு பாட்டே இருக்கும். அவள் ஒரு ஜாக்கெட்டுக்கு என்ன கூலி வாங்கினாள் என்று ஒரு காட்சியிலாவது கேட்டிருக்கிறீர்களா? தியாகம் என்று சொல்லிவிட்டதால் கூலிப் பேச்சே எழுவதில்லை. திரையில் தியாகம், ஆய்வுத் தாளில் இல்லத்தரசி, எங்கள் வீட்டில் சும்மா. காபி போடச் சொன்னவர், 2019-ஆம் ஆண்டு காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்த்திருக்கலாம்: ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். அந்தக் காபியும் இந்த 299-க்குள்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது கட்டைவிரல் முழுதாக மடங்காது. காணொளியை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் அவரும் சிரித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

நேற்று அந்தக் காணொளியை வெட்டி மறுபடி பதிவேற்றியிருக்கிறார்கள். சிரிப்பை எடுத்துவிட்டார்கள், அதோடு மாணவியின் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். அவள் கேட்டதை முழுமையாக இங்கே எழுதி வைக்கிறேன்: "ஐயா, எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடே இல்லை. அவர்களை இந்த ஆய்வில் எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்?"