அந்த நாலு பக்கத்தை வெட்டச் சொன்னது தப்பு

ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த கதை வாசிப்புக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களும் இந்நேரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பெண் தான் எழுதிய துப்பறியும் நாவலிலிருந்து வாசித்து முடித்ததும், "அழுகையெல்லாம் எடுத்துரும்மா, முதல் பக்கத்திலேயே துப்பு வரட்டும்" என்று மேடையில் இருந்தவர் சொன்னாரே, அது இன்னும் மனசை அறுக்கிறது.

பதின்வயதுப் பிள்ளைகளே துப்பறிகிற நாவலை நகர்த்துவதே துக்கம்தான். அதை எடுத்தால் துப்பும் சேர்ந்தே போய்விடும்.

அவள் கதையையே பார்ப்போம். ஏற்காட்டில் அண்ணன் பள்ளத்தில் விழுந்து இறக்கிறான். விபத்து என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். தங்கையும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் தேடுகிறார்கள். சந்தேக மரணம் என்றால் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தின் 194-வது பிரிவு. விசாரணை, பிரேதப் பரிசோதனை என்று எத்தனை காகிதம் இருந்தாலும் பதினாறு வயசுப் பிள்ளையிடம் யார் காட்டுவார்கள்? வீட்டில் கேட்டால் "அந்தப் பேச்சை எடுக்காதே" என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அண்ணனின் பை, சட்டை, போன், ஒரு பஸ் டிக்கெட். அவற்றைக் கீழே வைக்க மனசு வராதவள்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அவள் கண்ணுக்குத்தான் துப்பு படும்.

வெட்டச் சொன்னது அந்த டிக்கெட் வருகிற நாலு பக்கத்தை. அம்மா அதைப் பர்ஸில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூன்று மாதம் கூடவே வைத்திருக்கிறாள். கண்டக்டர் மெஷினில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற தாள் அது. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தாலோ, கை எண்ணெய் பட்டாலோ எழுத்து வெளுத்துவிடும். மகள் கேட்டு வாங்கும்போது வெறும் வெள்ளைத்தாள். அண்ணன் பஸ் ஏறிய நேரம் போய்விட்டது. அம்மா பொத்தி வைத்ததாலேயே போய்விட்டது. இதில் அழுகை எது, துப்பு எது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

போனும் அப்படித்தான். இறந்தவர் விரலை வைத்துத் திறப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். சார்ஜ் தீர்ந்து அணைந்த போனை மறுபடி போட்டால் முதலில் பின் நம்பர்தான் கேட்கும், கைரேகை எடுக்காது. தப்பாகப் போடப் போடக் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். அந்த நேரத்தில் மூன்று பிள்ளைகள் அவன் அறையில், அவன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே அழாமல் வேறு எங்கே அழுவார்கள்?

குறையே இல்லை என்று சொல்லவில்லை. உண்மையான குறையை ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். டிசம்பரில் காப்பிப் பூ வாசம் என்று எழுதியிருக்கிறாள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் டிசம்பர் பழம் பறிக்கிற காலம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூக்கும், மூன்று நாலு நாளில் வாடிவிடும். ஆனால் அந்த வரியை அழிக்க வேண்டியதில்லை. சாட்சி சொல்கிறவன் வாயில் வைத்தால் போதும். டிசம்பர் ராத்திரியில் பூ வாசம் ஆளைத் தூக்கியது என்பவன் பொய் சொல்கிறான். பொய்யைப் பிடிக்க மலைப்பாதையும் இப்படி உதவும். சேலம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு, எண் போட்ட பலகையோடு. இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக வந்தவன் அந்தப் பலகைகளையே பார்த்திருக்க மாட்டான்.

"வேகம் குறையும்" என்கிறார்கள். துப்பை ஒளித்து வைக்க அழுகைக் காட்சியைவிட நல்ல இடம் கிடையாது. அம்மா டிக்கெட்டை நெஞ்சில் வைத்து அழும்போது வாசகர் அம்மாவைத்தான் பார்ப்பார். அதே பத்தியில், அதை முதல் நாளே நண்பன் போனில் படம் எடுத்தான் என்று அரை வரி போட்டுவிடலாம். நூறு பக்கம் தாண்டி அந்தப் படம் வரும்போது வாசகருக்குத் தூக்கிவாரிப்போடும். அழுகையை எடுத்துவிட்டால் அந்த அரை வரி துருத்திக்கொண்டு நிற்கும்.

"விற்காது" என்கிறார்கள். அது பதிப்பாளர் பார்க்க வேண்டிய விஷயம்.

"பிள்ளைகள் மனசு கெட்டுப்போகும்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, சாவு வீட்டில் பிள்ளைகளை என்ன செய்கிறோம்? பரீட்சை முடியட்டும் என்று சேதியை மறைக்கிறோம். பக்கத்து வீட்டில் உட்கார வைக்கிறோம். பதினைந்து வயசுப் பையன் தோளில் கை வைத்து, "இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறோம். அவன் அழுதானா என்று யாரும் கேட்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் நமக்கு முடிந்தது, அவனுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு சட்டையைப் பார்த்ததும் ஆரம்பிக்கும். என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லாததால்தானே இந்தக் கதையில் அவர்களே தேடிக் கிளம்புகிறார்கள்? வீட்டிலும் வாயை மூடச் சொல்லி, கதையிலும் வாயை மூடச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கண்ணு, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பூவைச் சாட்சி வாயில் வை. அந்த நாலு பக்கத்தில் ஒரு வரியையும் தொடாதே. அடுத்த கூட்டத்தில் அதையே முதலில் வாசி, முன் வரிசையில் இருப்பேன்.